478 மதிப்பெண் எடுத்த பெண்ணைக் கணக்கு குரூப்பில் சேர்க்க அப்பாவிடம் என்ன பேசுவது?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மதுரை மாவட்டத்தின் மேற்கே, மலையை ஒட்டிய ஓர் ஊரில் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். போன வாரம் ஒரு பெண் தன் அம்மாவுடன் பிளஸ் ஒன் விண்ணப்பம் வாங்க வந்தாள். 500-க்கு 478. கணக்கில் 99, அறிவியலில் 98. அவள் ஊர்ப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. நான்கு கிலோமீட்டரில் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியலும் தொழிற்பிரிவும்தான் உண்டு. கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி என்பதால் அங்கே கணக்கு குரூப் நடப்பதில்லை. எங்களிடம் இருக்கிறது. ஆனால் அவள் ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டர்.

அம்மா அலுவலகத்தில் எழுத்தரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஆய்வகக் கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள். மேசையில் திருகு அளவி ஒன்று கிடந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். பிறகு தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, இதன் தடிமனை இது காட்டுமா என்றாள். பத்தொன்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். புத்தகத்தில் கம்பியை அளக்கச் சொல்லியிருக்கிறது, எல்லோரும் கம்பியைத்தான் அளப்பார்கள். முடியை வைத்துப் பார்த்தோம், 0.07 மி.மீ. வந்தது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு போனவர்கள் திரும்பி வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன், அப்பா பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "பக்கத்துப் பள்ளியிலேயே காமர்ஸ் சேர்க்கலாம் என்றிருக்கிறோம் டீச்சர். பெண் பிள்ளை, எதற்கு அலைய வேண்டும்?" என்றார்.

வகுப்பு தொடங்க இன்னும் சில நாட்கள்தான். அவரிடம் என்ன பேசுவது? பேசிப் பலன் கண்டவர்கள் சொல்லுங்கள். பொன்னாடை போர்த்தி, பெண்கள் நாட்டின் கண்கள் என்று ஆரம்பிக்கும் பேச்சு மட்டும் வேண்டாம். அதை ஆண்டுவிழாதோறும் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.


செங்கோட்டைச் சாரல்

டீச்சர், எங்கள் ஊர்க்காரரைச் சொல்லுங்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை அரசு மகளிர் பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் முடித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி விண்கலம் கிளம்பியது, 2024 ஜனவரி 6-ஆம் தேதி எல்-1 புள்ளியைச் சென்றடைந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு விண்கலம் அனுப்பியிருக்கிறார், உங்கள் மகள் பதினாறு கிலோமீட்டர் பஸ்ஸில் போகக் கூடாதா என்று கேளுங்கள்.


கரும்பலகை

சாரல், அந்தக் கணக்கு அழகாக இருக்கிறது, என் வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன். ஆனால் அந்த அப்பாவிடம் எடுபடாது. நீங்கள் சொன்ன கதையிலேயே பாருங்கள், பள்ளி அவருடைய ஊருக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவருடைய தந்தை கணிதம் படித்த பட்டதாரி, விவசாயம் பார்த்தவர் என்று செய்தித்தாளில் படித்த நினைவு. இவர் ஐந்தாம் வகுப்பு. பூ கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறார்.


முன்சக்கரம்

நான் அந்த அப்பாவின் பக்கம் பேசுகிறேன். யாரும் கோபப்பட வேண்டாம்.

லோடு வண்டி ஓட்டுகிறேன், இரண்டு பெண்கள். மூத்தவள் நன்றாகப் படித்தாள். அவள் பள்ளியில் இருந்த ஓர் ஆசிரியை இதே மாதிரி வீட்டுக்கு வந்து பேசினார். சரி என்று பொறியியலில் சேர்த்தேன். தனியார் கல்லூரி, வங்கியில் மூன்றரை லட்சம் கடன். 2019-இல் முடித்தாள். வளாகத் தேர்வில் வந்த வேலை சென்னையில், மாதம் 14,000. விடுதிக்கு 6,500, சாப்பாடு, ரயில் டிக்கெட் போக அவளால் வீட்டுக்கு ஒரு ரூபாய் அனுப்ப முடியவில்லை. பதினெட்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். கடன் தவணையை இன்னும் நான்தான் கட்டுகிறேன்.

கல்யாணப் பேச்சு வேறு. பி.இ. படித்த பெண்ணுக்கு அதற்கு மேல் படித்த மாப்பிள்ளை வேண்டும் என்பார்கள். அவன் வீட்டில் கேட்கும் பவுன் கணக்கு உங்களுக்கே தெரியும். பெண்ணைப் படிக்க வைத்ததற்கு எனக்கு அபராதம் போட்டது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து பேசிய ஆசிரியை மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல மனுஷி. ஆனால் தவணை கட்ட அவர் வரவில்லை. இரண்டாவது மகளை பி.காம். சேர்த்தேன்.


புள்ளிக்கோலம்

முன்சக்கரம் அண்ணன் சொன்னதை யாரும் லேசாகத் தள்ளிவிட வேண்டாம். எண்களும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன.

பெண்கள் அறிவியல் பக்கம் வருவதில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம், அது உண்மையில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை அறிவியல் படித்தவர்கள் சுமார் 57.2 லட்சம். அதில் பெண்கள் 29.8 லட்சம், அதாவது ஆண்களைவிட அதிகம். பொறியியல் இளநிலைக்கு வந்தால் பெண்கள் சுமார் 29 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் அதே இயற்பியல், அதே கணக்குதான். பிறகு ஏன் இந்தப் பள்ளம்? என் கருத்து: பி.எஸ்சி. கணிதம் பக்கத்து டவுன் மகளிர் கல்லூரியில் கிடைக்கிறது. காலையில் போய் மாலையில் வந்துவிடலாம், கட்டணம் குறைவு. பொறியியல் என்றால் தூரம், விடுதி, கடன். ஆக, அறிவியலைப் பற்றி அந்தப் பெண்களுக்கோ பெற்றோருக்கோ தயக்கம் இல்லை. வீட்டைவிட்டுத் தள்ளிப் போவதிலும் கடன் வாங்குவதிலும்தான் தயக்கம். நாம் மேடை போட்டுப் பேசுவது என்னவோ ஆர்வத்தைப் பற்றி.


சீருடை

நான் பிளஸ் டூ படிக்கிறேன். அக்கா தொலைபேசியில் இந்த இழையைப் படித்தேன். எழுதலாமா என்று தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழிகாட்டி நிகழ்ச்சி நடந்தது. இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தோம். வந்தவர் கனவு காணுங்கள் என்றார். பொறியியல் கட்-ஆஃப் எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு நூறு அப்படியே, இயற்பியல் வேதியியல் இரண்டையும் பாதியாக்கி ஐம்பது ஐம்பது, மொத்தம் 200 என்பதை ஜெராக்ஸ் கடை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. பத்தாவது வரை ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் பள்ளியில் இருந்தேன். சோதனை செய்யும்போது பையன்கள் கருவியைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நோட்டு எழுதச் சொல்வார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்தேன். இப்போது மகளிர் பள்ளி. கருவியைப் பிடிக்க வேறு ஆளே இல்லை, நாங்களே பிடிக்க வேண்டும். மின்தடையை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றை முதல் முறை நானே இணைத்தபோது முள் நகரவே இல்லை. ஓர் இணைப்பு தளர்வாக இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அன்றைக்கு மாதிரி சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை.


இடிதாங்கி

சீருடை, தங்கச்சி, நீ நிறைய எழுதலாம். இங்கே இருப்பவர்களில் கட்-ஆஃப் கணக்கை ஒரே வரியில் சொன்னது நீதான்.

நான் மின் பொறியாளர். ஓர் ஆலையின் துணைமின் நிலையத்துக்குப் பொறுப்பாளர். நீ சொன்ன தளர்ந்த இணைப்பைத்தான் பதினோரு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், சம்பளம் மட்டும் கொடுக்கிறார்கள். வேலை எனக்குப் பிடிக்கும். பிரேக்கர் விழுந்து ஆலை முழுக்க இருளும்போது எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நிமிடத்தில் நான் ஆணா பெண்ணா என்று யாரும் நினைப்பதில்லை.

மற்ற நிமிடங்களில் நினைப்பார்கள். நான் சேர்ந்தபோது அந்த வளாகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அலுவலகக் கட்டடத்துக்குப் போக வேண்டும், நடந்தால் பன்னிரண்டு நிமிடம். இரவுப் பணியில் தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். அதனால் வந்த சிறுநீர்த் தொற்றோடு இரண்டு முறை விடுப்பு எடுத்தேன். மூன்றாவது ஆண்டுதான் கட்டினார்கள். அதுவும் மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ஆய்வுக்கு வந்து, "எங்கே போக வேண்டும்?" என்று கேட்ட பிறகு.

பெண்ணை அனுப்புங்கள் என்று அப்பாக்களிடம் நூறு முறை சொல்கிறோம், போகிற இடம் எப்படியிருக்கிறது என்று ஒரு முறையாவது பார்க்கிறோமா? டீச்சர், நாளை அந்த அப்பா உங்கள் பள்ளியைப் பார்க்க வந்தால் முதலில் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.


நூலகப் பூனை

கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் லலிதா என்ற பெண்ணுக்குப் பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நான்கு மாதக் குழந்தை. 1930-களின் இறுதியில் அப்படியொரு பெண்ணுக்கு வீட்டில் என்ன இடம் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அங்கே அதுவரை பெண்களே கிடையாது. தந்தை கல்லூரி முதல்வரிடம் பேசி, கல்வித் துறை இயக்குநரின் அனுமதியும் வாங்கி, மகளைச் சேர்த்தார். விடுதியில் ஒரே பெண். தனிமை தாங்கவில்லை. பெண்களும் சேரலாம் என்று தெரியவந்ததும் அடுத்த ஆண்டு லீலாம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா இருவரும் வந்தார்கள், கட்டடப் பொறியியலுக்கு. உலகப் போர் காரணமாகப் படிப்புக் காலத்தைச் சுருக்கியதால் மூவரும் சேர்ந்தே முடித்தார்கள். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்தது ஆணைக் குறிக்கும் சொல். அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

லலிதா பின்னாளில் கல்கத்தாவில் வேலை பார்த்தார், பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்கடத்தும் பாதைகளுக்கும் பணிபுரிந்தார். த்ரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

சான்றிதழ்க் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது விடுதிக் கதை. லலிதாவுக்கு அறிவு இருந்தது, படித்த தந்தை இருந்தார், அனுமதியும் கிடைத்தது. அப்படியும் கூட இரண்டு பேர் வந்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.


பட்டயக்காரி

பூனையார் கதை நன்று. பத்து நாளில் முடிவெடுக்க வேண்டிய அப்பாவுக்குப் பணக் கணக்கு வேண்டும், அதைச் சொல்கிறேன். முன்சக்கரம் அண்ணனும் படியுங்கள், உங்கள் மூத்த மகள் சேர்ந்த காலத்தில் இவற்றில் பலவும் இல்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால், 2021 முதல் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது, பட்டயம், ஐடிஐ படித்தாலும் உண்டு. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை விண்ணப்பிக்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, டீச்சருக்குத் தெரிந்திருக்கும். 478 எடுத்த பெண்ணைத் தேடி இந்நேரம் ஏதாவது ஒரு தனியார் பள்ளி வேன் அனுப்பியிருக்கும். "பிளஸ் ஒன், பிளஸ் டூ இலவசம், விடுதியும் இலவசம்" என்பார்கள். அவர்களுக்கு விளம்பரத் தட்டியில் போட முகம் வேண்டும். அங்கே சேர்ந்தால் அந்த 7.5 ஒதுக்கீடு போய்விடும். இரண்டு ஆண்டு இலவசத்துக்காக நான்கு ஆண்டு இலவசத்தை விட்டுக் கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

என் பாதை வேறு. நான் பிளஸ் ஒன் போகவே இல்லை. 2009-இல் பத்தாவது முடித்ததும் பெண்களுக்கான அரசு பாலிடெக்னிக், மூன்று ஆண்டு பட்டயம், பிறகு நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. இப்போது கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். வைண்டிங் சுற்றும் அக்காக்கள் ஐம்பது பேர், அதை வடிவமைக்கும் மேசையில் பெண்கள் இரண்டு பேர். அவர்கள் கை பழகிய வேகத்தைப் பார்த்தால் நான் படித்தது கொஞ்சம்தான் என்று தோன்றும். யாராவது அந்த அக்காக்களைப் பதினைந்து வயதில் பாலிடெக்னிக்குக்கு அனுப்பியிருந்தால், என் மேசையில் நான் உட்கார்ந்திருக்க முடியுமா என்பது சந்தேகம்.


ஒற்றைக்கால் கொக்கு

எல்லாம் சரி, எல்லோரும் பொறியாளர் ஆகித்தான் தீர வேண்டுமா? காமர்ஸ் படித்தால் குறைந்துவிடுவாளா? தணிக்கையாளர் ஆகலாமே. அறிவியல் உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்லிக் கொடுப்பதும் ஒரு சாதிதான்.


கரும்பலகை

கொக்காரே, அவள் காமர்ஸ் கேட்டிருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன். அவள் கேட்டது தலைமுடியின் தடிமன்.


நெறியாளர்

இதற்குக் கீழே சாதி, மதம் பற்றி வந்த ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் அந்த மொழியில் இங்கே வேண்டாம்.


முன்சக்கரம்

பட்டயக்காரி சொன்ன திட்டங்களைப் படித்தேன். மூத்தவள் நேரத்தில் இருந்திருந்தால் என் கதை வேறு. இல்லாமல் போனதற்கு யாரைக் கோபிப்பது?

இரண்டாவது மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன மாதம் வண்டியின் முகப்பு விளக்கு ஒயரிங் எரிந்துவிட்டது. மெக்கானிக் மறுநாள் வருகிறேன் என்றார். அவள்தான் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று காகிதத்தில் வரைந்து சரி செய்தாள். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்து நீங்கள் மெக்கானிக்கோடு நிற்கும்போது நானும் பக்கத்தில் நின்றேனே அப்பா என்றாள்.

நான் கவனித்ததே இல்லை.


இடிதாங்கி

அண்ணா, அவள் வரைந்த அந்தக் காகிதத்தை எனக்குக் காட்ட முடியுமா? தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். பி.காம். படித்தவர் எங்கள் வேலைக்கு வர முடியாது என்று சட்டம் இருக்கிறது, ஐடிஐ படிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை.


கரும்பலகை

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போய்வந்தேன். வேண்டுமென்றே பஸ்ஸில் போனேன், அவள் வர வேண்டிய அதே பஸ்.

அப்பா கடைக்குப் போகாமல் காத்திருந்தார். திட்டங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கேட்டுக்கொண்டார். தனியார் பள்ளி ஆட்கள் ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பட்டயக்காரி சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. கடைசியில் அவர், "டீச்சர், காசு ஒரு பக்கம். பஸ் நிறுத்தத்திலிருந்து நீங்கள் எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தத்திலிருந்து அவர்கள் தெருவுக்கு ஒன்றரை கிலோமீட்டர். ஒரு பக்கம் கண்மாய்க் கரை, மறு பக்கம் கருவேலங்காடு, தெருவிளக்கு கிடையாது. நிறுத்தத்துக்கு எதிரே மதுக்கடை. நான் வந்தது காலை பத்து மணிக்கு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலை ஆறரைக்கு அந்த வழியில் பதினைந்து வயதுப் பெண் நடக்க வேண்டும். பதினாறு கிலோமீட்டர் என்று இவ்வளவு நாளாக எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மனத்தில் இருந்தது அந்த ஒன்றரை கிலோமீட்டர் மட்டும்தான். அவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது. எங்கள் பள்ளிக்கு அது வந்து சேர்வதற்குள் பாதி ஆண்டு ஓடிவிடும். அதனால் அதை அங்கே பேசவில்லை.

பூனையாரின் விடுதிக் கதை நினைவுக்கு வந்தது. அதே ஊரில், அடுத்த தெருவில் 431 எடுத்த இன்னொரு பெண் இருப்பதாக இவள் அம்மா சொன்னார். அவளையும் வீட்டில் காமர்ஸ் என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்கும் போனோம். அந்தப் பெண்ணின் பாட்டி மதுக்கடைக்குப் பத்தடி தள்ளிப் பணியாரக் கடை போட்டிருக்கிறார். "ரெண்டு பிள்ளையும் சேர்ந்து வரட்டும். நான் கடையைக் கட்டும் நேரமும் அதுதான். என்னோடு நடந்து வருவார்கள். எவன் என்ன பேசுகிறான் என்று பார்க்கிறேன்" என்றார். அந்தப் பாட்டியை எதிர்த்துப் பேச ஊரில் ஆள் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்று காலை இரண்டு பேரும் வந்து உயிரியல்-கணிதப் பிரிவில் சேர்ந்துவிட்டார்கள். மருத்துவம், பொறியியல் இரண்டு கதவும் திறந்திருக்கட்டும் என்று அதைச் சொன்னேன். இடிதாங்கி, கழிப்பறையைப் பார்த்தேன். குழாய் ஒன்று உடைந்திருந்தது. என் செலவில் மாற்றியிருக்கிறேன், ரசீதைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று ஒன்று கேட்டார். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தால் எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று. அவர்கள் ஊருக்குப் பஸ் 4.50-க்கு, அதை விட்டால் 6.10. நான்கரைக்கு விட்டுவிடுவேன் என்றேன்.